குச்சி ஐஸ்: பழமா, மூலிகைத் தேநீரா?

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் ஃப்ரிட்ஜ் இருக்கிற வீட்டில் எல்லாம் ஃப்ரீசர் சும்மா இருக்காது. குச்சி ஐஸைப் பழத்தில் போடுவதா, மூலிகைத் தேநீரில் போடுவதா என்று கேட்டால் பிள்ளைகள் யோசிக்காமல் மாம்பழம் என்பார்கள். என் ஓட்டு நன்னாரிக்கு, அதுவும் நுங்கு சேர்ந்த நன்னாரிக்கு.

மாம்பழத்தின் பலம் சுலபம். நன்றாகப் பழுத்த சதையை மிக்சியில் அடித்து, எலுமிச்சை கொஞ்சம் பிழிந்து அச்சில் ஊற்றினால் வேலை முடிந்தது. அச்சு இல்லையா, சின்ன எவர்சில்வர் டம்ளர் போதும். சதையில் நாரும் சர்க்கரையும் இருப்பதால் கல்லாக இறுகாமல் மெத்தென்று கடிபடும். கரண்ட் போய்ப் பாதி இளகி மறுபடி உறைந்தாலும் பெரிதாகக் குறை தெரியாது. ஆனால் தாகம் அடங்காது. தின்று முடித்த கையோடு சொம்பைத் தேட வேண்டியிருக்கும்.

தர்பூசணி இதற்கு நேர் எதிர். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். வெறும் சாறாக ஊற்றினால் பல் இறங்காது. உறிஞ்ச உறிஞ்சச் சிவப்பும் இனிப்பும் முதலில் இறங்கிவிட்டு, குச்சியில் வெள்ளைக் கட்டி மட்டும் மிஞ்சும். இடையில் கரண்ட் போனால் இனிப்பு ஒரு பக்கம், ஐஸ் ஒரு பக்கம். வடிகட்டாமல் சதையோடு அடித்து, சர்க்கரையும் சேர்த்தால் ஓரளவு தேறும்.

தேநீர் வகைக்கு வந்தால் முதல் பேச்சு தண்ணீர். நம் கரையோரத்துக் கிணறு பலவற்றில் உவர்ப்பு உண்டு. குழம்பில் அது மறைந்துவிடும், தேநீரில் மறையாது. காவிரித் தண்ணீரோ வாங்குகிற குடத் தண்ணீரோ எதுவானாலும் கொதிக்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்பது தப்பு. இன்னொன்று, குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பும் மணமும் மந்தமாகத்தான் தெரியும். குடிக்கிற பதத்தில் போட்டால் ஐஸ் சப்பென்று இருக்கும். இரட்டிப்புத் திடமாக இறக்கி, இரண்டு டம்ளருக்கு ஐந்து மேசைக்கரண்டி சர்க்கரை வரை போடலாம். சர்க்கரை இனிப்புக்கு மட்டுமல்ல, ஐஸ் கல்லாகாமல் காப்பதும் அதுதான். அளவுக்கு மிஞ்சினால் உறையவே உறையாது.

செம்பருத்தி பார்வைக்கு ராஜா. ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூவின் இதழை மட்டும் கிள்ளி வெந்நீரில் போட்டால், இதழ் வெளுத்துத் தண்ணீர் கருநீலமாகும். எலுமிச்சை பிழிந்த அந்த நொடியில் பளீரென்று சிவக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. ருசி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, எலுமிச்சைதான் பேசும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரை மட்டும் இதில் கலக்காதீர்கள். சுண்ணாம்பு பட்டால் சிவப்பு போய் அழுக்கு நீலம் தட்டும்.

சுக்குமல்லியைக் கருப்பட்டியோடு உறைய வைத்தால் பெரியவர்கள் விரும்புவார்கள். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் நல்லது. கரைத்து வடிகட்டாவிட்டால் மண் நறநறக்கும். ஆவாரம்பூவைச் சூடாகக் குடிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நன்னாரிக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். வேரைக் கழுவித் தட்டி, நடுவில் இருக்கும் கட்டைக் குச்சியை எடுத்துவிட்டு, தோலை மட்டும் இடித்துக்கொள்ளுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். கொதித்த தண்ணீரை இறக்கி அதன்மேல் ஊற்றி, மூடி, இரவு முழுக்க விட வேண்டும். காலையில் திறந்தால் அடுக்களை முழுக்க வாசம். வடிகட்டி, சர்க்கரை, எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. இதில் இளநுங்கைத் தோல் உரித்துப் பொடியாக நறுக்கிப் போட வேண்டும். தோல் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் துவர்க்கும். பெரிய துண்டாகப் போட்டால் அதுவே தனி ஐஸ்கட்டியாகிப் பல் கூசும். நுங்குக்கு இங்கே சீசனில் பஞ்சமில்லை, மாம்பழமோ லாரியில் வர வேண்டும். செலவிலும் நன்னாரிதான் முன்னால் நிற்கிறது. கடல்காற்றில் உப்பும் வியர்வையுமாக வீடு வருகிறவனுக்கு மாம்பழத்தின் கெட்டி இனிப்பைவிட இதுதான் இறங்கும்.

இரண்டையும் கலக்கலாமா? மாம்பழத்தோடு நன்னாரி வேண்டாம், மணம் அமுங்கிவிடும். தர்பூசணியோடு புதினாத் தேநீர் நன்றாகச் சேரும். உறைப்பு பிடித்தவர்கள் அதன் மேல் நம்மூர் முண்டு மிளகாய்த் தூளை உப்போடு தொட்டுக்கொள்ளலாம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய், கொஞ்சமாகத் தொட்டாலே போதும்.