காரைக்குடியா, கானாடுகாத்தானா?

தேனீ வளர்ப்பை விட்டுப் பயணக் கட்டுரை எழுத வந்தவன் நான். செட்டிநாட்டைப் பற்றி எழுத எங்கே தங்கலாம் என்று கேட்பவர்களுக்கு:

செலவு: காரைக்குடியில் சாதாரண லாட்ஜ் கிடைக்கும். கானாடுகாத்தானில் பெரும்பாலும் பழைய வீட்டு விடுதிகள். பர்ஸ் கனக்க வேண்டும்.

போக்குவரத்து: காரைக்குடி ரயில் சந்திப்பு, பஸ்ஸும் தாராளம்.

எழுத விஷயம்: காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள். கானாடுகாத்தானில் அரண்மனை, ஆளரவமற்ற வீதிகள், அப்புறம் பழைய சுவர் இடுக்குகள். மெழுகும் பிசினும் கலந்த சிறு குழாய் நீட்டியிருந்தால் அது கொசுத்தேனீயின் வாசல். கொட்டாது, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம். (பழைய தொழில் புத்தி!) பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும்போது போனால் இன்னும் நல்லது.

இரண்டே நாள், கையில் காசும் குறைவு என்றால் காரைக்குடி. ஒரே வீட்டைப் பற்றி நான்கு பக்கம் எழுதுகிறவர் கானாடுகாத்தானுக்குப் போங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளும் அங்கிருந்து பக்கம்தான்.