கறுப்பு ஸ்லரியா, தேன் நிற ஸ்லரியா?

சென்னிமலைப் பக்கம் சலவைத் தூள் கலக்கும் என் சித்தப்பா ஜன்னலோரம் இரண்டு கண்ணாடிக் குடுவைகளை வைத்திருக்கிறார். இரண்டிலும் ஆசிட் ஸ்லரி, அதாவது சலவைத் தூளில் அழுக்கெடுக்கும் சரக்குக்கு மூலமான கெட்டி அமிலம். ஒன்று வறக்காப்பி நிறம், மற்றது கொம்புத்தேன் நிறம். இரண்டுமே லீனியர் அல்கைல் பென்சீன் என்ற ஒரே எண்ணெயில் பிறந்தவை. கந்தகத்தை ஏற்றிய வழிதான் வேறு.

கறுப்பு, ஓலியத்தில் வந்தது. ஓலியம் என்பது சல்பர் ட்ரையாக்சைடு கரைந்த அடர் கந்தக அமிலம். குளிர்நீர் சுற்றும் கலனில் எண்ணெயை நிரப்பி, புகையும் ஓலியத்தைச் சிறுகச் சிறுக விட வேண்டும். அவசரப்பட்டால் சூடு ஏறி நிறம் கறுக்கும். எண்ணெயின் எடைக்கும் சற்று மேலேயே ஓலியம் போகும். வினையில் பிறக்கும் நீரே அமிலத்தை நீர்க்கச் செய்வதால் பெரும்பகுதி வேலை செய்யாமல் நின்றுவிடும். தண்ணீர் சேர்த்துத் தெளியவிட்டால் கழிவு அமிலம் அடியில் தங்கும்.

மற்றது வாயு வழி. கந்தகத்தை எரித்து, வனேடியம் வினையூக்கியில் சல்பர் ட்ரையாக்சைடு வாயுவாக்கி, உலர்ந்த காற்றில் ஏறக்குறைய 5 விழுக்காட்டுக்கு நீர்த்து, குழாய்ச் சுவரில் படலமாக வழியும் எண்ணெயின்மேல் செலுத்துவார்கள். பிரித்தெடுக்கக் கழிவு அமிலமே இல்லை. வெளியேறும் காற்றைக் கழுவினால் போதும். இதில் அழுக்கெடுக்கும் சரக்கு 96 விழுக்காடு. கறுப்பில் 90 வந்தால் பெரிது.

இருந்தும் ஓலியம் சாகவில்லை. கலனைக் கழுவிவிட்டுத் தைப்பூசத்துக்குப் பூட்டிக்கொண்டு போகலாம். வாயு ஆலையை நினைத்தபோது நிறுத்த முடியாது. மீண்டும் சூடேற்றி நிலைக்கு வரும்வரை வருவதெல்லாம் மட்டச் சரக்கு.

"கறுப்புதான் மலிவு" என்பது சித்தப்பாவின் பழைய கட்சி. நான் கணக்கைக் காட்டினேன். நூறு கிலோ கறுப்பில், எண்ணெயோடு சேராமல் தனியாக நிற்கும் கந்தக அமிலம் ஐந்தாறு கிலோ. தேன் நிறத்தில் ஒன்றரைக்குள். ஒரு கிலோ அமிலத்தை அடக்க 1.08 கிலோ சலவை சோடா வேண்டும், மிஞ்சுவது 1.45 கிலோ சோடியம் சல்பேட் உப்பு. "உப்பும் தூளில் எடைதானே தம்பி?" என்றார். எடைதான். ஆனால் அந்த உப்பை ஸ்லரி விலைக்கு எதற்கு வாங்க வேண்டும்? பாத்திரம் கழுவும் திரவத்திலோ மார்கழிக் குளிரில் கலங்கிப் பல்லிளிக்கும்.

எனக்குப் பெரிதாகப் படுவது கழிவு அமிலம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கிக் கிடந்ததும் இங்கே மறக்கிற சங்கதிகளா? நொய்யல் கரையில் ஓலியக் கலன் வைப்பதை நான் ஒப்பமாட்டேன். வாயு ஸ்லரியை வெளியிலிருந்து வாங்கி, சோடாவில் அடக்கும் வேலையை மட்டும் இங்கே செய்யலாம்.

சித்தப்பா மாறிவிட்டார். ஒரு கேன் கறுப்பு மட்டும் மூலையில் இருக்கிறது, லாரி கழுவும் சோப்பு எண்ணெய்க்கு. அங்கே நிறம் பார்ப்பவர் யாருமில்லை.