பின்வளவில் பூல் கட்டப் போகிறீர்களா? "ஹீட் பம்ப் உட்பட" என்ற வரியை நம்பாதீர்கள்

டொரொன்டோவைச் சுற்றி ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் இந்த வருடம் நீச்சல் பூல் கட்ட இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் கொட்டேஷனில் லைனர் (பூலின் உள்பக்க விரிப்பு) நிறத்துக்கு ஒரு பக்கம், லைட்டுக்கு அரைப் பக்கம், தண்ணீரைச் சூடாக்குவதற்கு மட்டும் ஒரே வரி: "ஹீட் பம்ப் உட்பட" (வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற மெஷின்). என்ன மாடல், எத்தனை பி.டி.யூ. (மணிக்கு எவ்வளவு வெப்பம் தரும் என்ற அளவு) என்று கேட்டதற்கு, "அண்ணை, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, மே மாசமே பிள்ளையள் இறங்கலாம்" என்று சிரித்தார் விற்க வந்த தம்பி. மாடல் நம்பரை ஈமெயிலில் அனுப்புவதாகச் சொன்னார், அது வரவே இல்லை.

மே வந்தது. தண்ணீர் 18 டிகிரியைத் தாண்டவில்லை. மெஷின் பகலெல்லாம் ஓடுகிறது, கரண்ட் பில் ஏறுகிறது, காலையில் பார்த்தால் முந்தின நாள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மெஷினின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருந்தது 50,000 பி.டி.யூ., அதுவும் வெளிக்காற்று 27 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் இருந்தால். அப்படிப்பட்ட நாள் இங்கே ஜூலையில் வரும், ஜூலையில் ஹீட்டர் யாருக்கு வேண்டும்? காற்று 10 டிகிரிக்கு இறங்கினால் அதே மெஷின் ஏறக்குறைய பாதிதான் தரும், அதற்கும் கீழே போனால் பல மாடல்கள் நின்றே விடும். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போடுவது 27 டிகிரிக் கணக்கு. 10 டிகிரிக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 16க்கு 32 அடி, சராசரி 5 அடி ஆழம் என்றால் சுமார் 72,000 லிட்டர். அதை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 84 யூனிட் (கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட், kWh) வெப்பம் வேண்டும், 15இலிருந்து 28க்குக் கொண்டுபோக 1,100க்குக் கிட்ட. எங்கள் 50,000 பி.டி.யூ. மெஷின் முழு பலத்தில் மணிக்கு 14.6 யூனிட் தரும், குளிரில் அதில் பாதி. அதாவது இரவு பகலாக ஆறு நாளுக்கு மேல், அதுவும் போட்ட வெப்பம் கொஞ்சமும் வெளியே போகாவிட்டால். போகாமல் இருக்குமா? திறந்த பூலில் இழக்கிற வெப்பத்தில் பெரும்பகுதி தண்ணீர் ஆவியாவதால்தான் போகிறது, சோலார் கவர் (தண்ணீர் மேல் விரிக்கிற பிளாஸ்டிக் போர்வை) போடாமல் ஹீட்டர் ஓட்டுவது காசைக் காற்றில் விடுகிற வேலை. அந்தக் கவரும் எங்கள் விலையில் இல்லை. கேட்டால் "அது ஒப்ஷன் அண்ணை".

சண்டை பிடித்தபோது கேஸ் ஹீட்டருக்கு மாற்றித் தருகிறோம், மேலே கொஞ்சம் போடுங்கள் என்றார்கள். 4 லட்சம் பி.டி.யூ. கேஸ் ஹீட்டர் இதே தண்ணீரை அரை நாளில் சூடாக்கிவிடும், அது உண்மைதான். ஆனால் "கேஸ் ரெடி" என்று ஏற்கெனவே தனியாகக் காசு வாங்கிப் போட்டிருந்தது அரை அங்குலக் குழாய். டி.எஸ்.எஸ்.ஏ. (ஒன்டாரியோவில் கேஸ் வேலையைக் கண்காணிக்கிற அமைப்பு) சான்றிதழ் உள்ள வேறொரு கேஸ்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குழாயையும் மீட்டரையும் பார்த்துவிட்டு, இரண்டும் போதாது, பார்பிக்யூ வேண்டுமானால் போடலாம் என்றார். குளோரின் வில்லை போடுகிற டப்பாவை ஹீட்டருக்கு முன்னால் பொருத்தியிருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான். பம்ப், ஃபில்டர், ஹீட்டர், ஒரு செக் வால்வ் (தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுப்பது), கடைசியில்தான் குளோரின். இது மாறினால் அமிலத் தண்ணீர் நேரே ஹீட்டருக்குள் போகும், வாரன்டியும் போச்சு. அப்புறம், "வேரியபிள் ஸ்பீட்" (வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியது) என்று எழுதிய பம்ப், பெட்டியைத் திறந்தால் ஒற்றை வேகப் பம்ப். வேகத்தைப் பாதியாக்கினால் கரண்ட் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும் என்று சொல்லித்தான் அதற்கும் கூடுதல் விலை வாங்கினார்கள்.

தண்ணீர் நிரப்பிய அன்றே முழுக் காசும் கேட்டார்கள், கொடுக்கவில்லை. ஒன்டாரியோவில் கட்டுமான வேலைக்கு 10 சதவீதத்தை, வேலை முடிந்து 60 நாள் போகும்வரை பிடித்து வைக்கும்படி சட்டமே சொல்கிறது, அந்தத் தொகை கையில் இருப்பதால்தான் இன்றைக்கும் போனை எடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கியிருந்தால் 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

கம்பெனி பெயரை இங்கே கேட்காதீர்கள், விஷயம் வக்கீலிடம் இருக்கிறது. கொட்டேஷன் கையில் வைத்திருப்பவர்கள் விலையை மறைத்துவிட்டு இன்பாக்ஸில் அனுப்புங்கள், ஹீட்டர் வரியை மட்டும் பார்த்துச் சொல்கிறேன்.