ஆளுக்கா, ஆய்வேட்டுக்கா? அமெரிக்காவில் பொதுப் பாதுகாப்பு ஆய்வுக்கான ஃபெலோஷிப்கள்

குற்றத் தடுப்பு, காவல் பணி போன்றவற்றில் முனைவர் பட்டம் செய்பவர்கள் ஃபெலோஷிப் (ஆய்வு உதவித்தொகை) என்றதும் முதலில் பார்ப்பது தொகையைத்தான். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் பார்த்தால் போதும். படிப்பின் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், தரவு யார் கையில் இருக்கிறது என்ற இரண்டும்தான் தேர்வைத் தீர்மானிக்கும்.

அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஃபெலோஷிப் 1952 முதல் இருக்கிறது. ஆளை நம்பித் தரும் பணம் இது. ஆண்டுக்கு மாணவருக்கு 37,000 டாலர், பல்கலைக்கழகத்துக்கு 16,000 டாலர் என மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கும். ஆய்வுத் திட்டம் இரண்டு பக்கத்துக்குள் இருந்தால் போதும். ஆனால் படிப்பின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்தாக வேண்டும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாவிட்டால் விண்ணப்பமே போட முடியாது.

அமெரிக்க நீதித் துறையின் ஆய்வுப் பிரிவான தேசிய நீதி நிறுவனம் (என்.ஐ.ஜே.) தருவது வேறு ரகம். அங்கே ஆளைவிட ஆய்வேட்டுக்குத்தான் மதிப்பு. விண்ணப்பிப்பது மாணவர் அல்ல, பல்கலைக்கழகம். அதன் ஆராய்ச்சி நிதி அலுவலகத்தின் காலக்கெடுவும் சேர்ந்துகொள்ளும். தாள்வேலை அலுப்பூட்டும்தான். ஆனாலும் களத்தில் நேர்காணல் செய்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய பலன் உண்டு. இந்த நிதியில் நடக்கும் ஆய்வுக்குச் சட்டப்படி அந்தரங்கப் பாதுகாப்பு கிடைக்கிறது. தான் செய்த பழைய குற்றத்தை ஒருவர் உங்களிடம் சொன்னால், அவர் சம்மதிக்காமல் அதை நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சான்றாக்க முடியாது. சிறையிலிருந்து வந்தவர்களிடமோ, பாதிக்கப்பட்டவர்களிடமோ பேசப்போகும் ஆய்வாளருக்கு இது எத்தனையோ ஆயிரம் டாலருக்குச் சமம்.

அதற்கு ஈடாக, ஆய்வு முடிந்ததும் தரவை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உள்ள குற்றவியல் நீதித் தரவுக் காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். சிக்கலும் இங்கேதான். காவல் துறையோ பதிவேடுகளைப் 'பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடு' என்ற நிபந்தனையில்தான் தரும். பணம் வந்த பிறகு இதைப் பேசினால் இரண்டு பக்கமும் முறுக்கிக்கொள்ளும்.

காவல் துறைக்குள்ளேயே உட்கார்ந்து ஆய்வு செய்யும் உள்ளூர் ஃபெலோஷிப் மூன்றாவது வழி. தரவு மேசைக்கே வரும். மேலதிகாரிக்குப் பிடிக்காத முடிவு வந்தால் கட்டுரை மட்டும் வெளியே போகாது. 1972–73இல் கான்சாஸ் சிட்டியில் நடந்த ரோந்து ஆய்வு, ரோந்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் குற்ற எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை என்று காட்டியது. எந்தத் துறைக்கும் இனிக்கிற செய்தி அல்ல அது. ஆகவே வெளியிடும் உரிமையை எழுத்தில் தராத இடத்தில், எவ்வளவு தந்தாலும் சேர வேண்டாம்.

முதலாண்டில் இருந்து, தகுதியும் இருந்தால் அறக்கட்டளைக்கே போடுங்கள். ஆய்வேட்டுத் திட்டம் கையில் இருந்து, காவல் துறையின் ஒப்புதல் கடிதமும் கிடைத்துவிட்டால், அறிவிப்பு வரும்போது என்.ஐ.ஜே.க்குப் போடுங்கள்.