வீடியோ நேர்காணல் எடுக்கும் ஏஐ: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

நேர்காணல் முடிவு வருவதற்கு முன்பே கருத்துக் கேட்டு மெயில் வந்துவிட்டது. "எங்கள் சேவையை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா? 0 முதல் 10 வரை மதிப்பெண் தரவும்." கீழே ஒரு பெட்டி. 250 எழுத்துக்கு மேல் தட்டினால் ஏற்கவில்லை. எனக்கு அது போதாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 16 வருடம் கணக்குப் பார்த்தவள். சாயப்பட்டறை பில், நிட்டிங் பில், ஜாப் ஒர்க் பாக்கி, டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் என்று எல்லாம் என் கை வழியாகப் போனவைதான். மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனதில் வேலையை விட்டேன். இரண்டு வருடம் கழித்து, வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி ஒரு வேலைக்கு விண்ணப்பித்தேன். ஆபீஸ் சென்னையில், தாய் கம்பெனி வெளிநாட்டில். மறுநாளே லிங்க் வந்தது. 72 மணி நேரத்துக்குள் வீடியோ நேர்காணலை முடிக்க வேண்டும், கேள்வி கேட்பதும் மதிப்பிடுவதும் ஏஐ. கம்பெனியின் பெயரும் சேவையின் பெயரும் இங்கே வராது. மறுபடி அங்கேயே போய் நிற்க வேண்டி வரலாம், பாருங்கள்.

ராத்திரி ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன். கேமரா கண்ணுக்கு நேராக இருக்க வேண்டுமாம். மகள் லேப்டாப்பை என் பழைய லெட்ஜர் இரண்டின் மேல் தூக்கி வைத்தாள். திரையில் முட்டை வடிவத்தில் ஒரு கோடு, முகம் அதற்குள் இருக்க வேண்டும். மொத்தம் ஏழு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் யோசிக்க 30 விநாடி, பதில் சொல்ல 2 நிமிடம். தப்பாகச் சொன்னால் திரும்பச் சொல்ல முடியாது. பதிலுக்குத் தலையாட்டவோ, "ம்" கொட்டவோ எதிரே ஆள் இல்லை. 2 நிமிடத்தில் எனக்கு முதலில் வறண்டு போனது தொண்டைதான்.

மூன்றாவது கேள்வி நல்ல கேள்வி. 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 1,18,000 ரூபாய்க்கு ஒரு பில் வருகிறது, டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி, எந்தத் தொகைக்குப் பிடிப்பீர்கள்? பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் ஒரு லட்சத்துக்கு மட்டும்தான். பதில் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒரு தடவை மனக்கணக்குப் போட்டுக்கொள்வது என் வழக்கம். அப்போது கண் தானாக மேலே போகும். திரையில் உடனே மஞ்சள் பட்டை: "தயவுசெய்து திரையைப் பாருங்கள்." ஏழு கேள்விக்குள் மூன்று முறை இந்தப் பட்டை வந்தது. திரையை முறைத்துக்கொண்டு மனக்கணக்குப் போடுகிற கணக்குப்பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்த மூன்று பட்டைக்கு மதிப்பெண் குறைந்ததா, எழுதி வைத்துவிட்டுப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டதா? யாரைக் கேட்பது?

ஐந்தாவது கேள்வி பாக்கி வசூல் பற்றி. நான் பேசப் பேச என் பதில் கீழே ஆங்கிலத்தில் எழுத்தாக ஓடியது. நமக்குப் பாக்கி தர வேண்டியவர்களைக் கணக்கில் சன்ட்ரி டெட்டார்ஸ் என்போம், அதை எங்கள் ஊர் உச்சரிப்பில் சொன்னேன். அது 'சண்டே டாட்டர்ஸ்' என்று எழுதிக்கொண்டது. ஆக, நான் 16 வருடமாக ஞாயிற்றுக்கிழமை மகள்களிடம் பாக்கி வசூலித்திருக்கிறேன். மாதா மாதம் 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்டிவிடுவேன் என்றேன், அது 'டீடியஸ்' (சலிப்பூட்டுவது) ஆனது. கதவோரம் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் முட்டைக் கோட்டுக்கு வெளியே முகம் போய்விடுமோ என்று அடக்கிக்கொண்டேன். எழுத்தில் வந்த தப்பைத் திருத்த எந்தப் பொத்தானும் இல்லை.

மறுநாள் அதிகாலை 4.12-க்கு மெயில். "உங்கள் தகுதிகளைக் கவனமாகப் பரிசீலித்தோம்" என்று ஆரம்பித்து, வேறு விண்ணப்பதாரர்களோடு தொடர்கிறோம் என்று முடிந்தது. அந்த நேரத்துக்கு எங்கள் தெருவில் பால்காரர்கூட எழுந்திருக்க மாட்டார். யார் பரிசீலித்தது? பதில் போட்டேன், பதில் போட முடியாத முகவரி. இணையதளத்தில் இருந்த அரட்டைப் பெட்டியில் "ஏன் நிராகரிக்கப்பட்டேன்?" என்று கேட்டேன். நேர்காணலில் ஜொலிக்க ஐந்து வழிகள் என்று ஒரு கட்டுரையைக் கொடுத்தது.

இரண்டு நட்சத்திரம் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பஸ் செலவும் ஒரு நாளும் மிச்சம். இன்னொன்று கொஞ்சம் பெரிய விஷயம். அதே மாதம் நேரில் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன். எதிரே இருந்த மனிதர் ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்காரர் என்ன செய்கிறார், மாமியாரை யார் பார்த்துக்கொள்வார்கள், பெண்ணுக்குப் பரீட்சை வந்தால் லீவு போடுவீர்களா, இதுதான் அரை மணி நேரமும். இந்த ஏஐ அப்படி ஒன்றும் கேட்கவில்லை, கேட்டது எல்லாம் கணக்குதான். அதனால் இயந்திரம் வேண்டாம், மனிதரே வேண்டும் என்றெல்லாம் நான் கொடி பிடிக்கப் போவதில்லை. வாய்விட்டுக் கேட்காததால் மட்டும் இயந்திரத்துக்குப் பாரபட்சம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அமேசான் பத்து வருடத்து விண்ணப்பங்களைக் காட்டிப் பழக்கிய ஒரு மென்பொருள், பெண்களைக் குறிக்கும் சொல் இருந்தாலே விண்ணப்பத்தைக் கீழே தள்ளியது என்று 2018-இல் செய்தி வந்தது. அந்தத் திட்டத்தையே அவர்கள் கைவிட்டார்கள். ஹயர்வ்யூ என்ற அமெரிக்கக் கம்பெனி, வீடியோவில் முகபாவனையை வைத்து மதிப்பிடுவதை நிறுத்திவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. (நான் பேசுகிற சேவை அதுவல்ல.)

சரி, மீதி மூன்று நட்சத்திரம் எங்கே போனது? அதற்கு அவர்களுடைய தனியுரிமை அறிவிப்பைப் படிக்க வேண்டும். 19 பக்கம். கணக்குப் பார்த்தவர்களுக்கு அடிக்குறிப்பு வரை படிக்கிற வியாதி உண்டு. 14-ஆம் பக்கத்தில் 'நீங்கள் வசிக்கும் இடத்தைப் பொறுத்த உரிமைகள்' என்று ஒரு தலைப்பு.

ஐரோப்பிய யூனியனில் இருப்பவர் என்றால், இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவை ஒரு மனிதர் மறுபடி பார்க்கும்படி கேட்கலாம். 2018 மே மாதம் முதல் அங்கே அமலில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு அது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் என்றால், ஏஐ எதை வைத்து எடைபோடுகிறது என்று முன்கூட்டியே விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். வீடியோவை அழிக்கச் சொன்னால் 30 நாளுக்குள் அழிக்க வேண்டும். அங்கே 2020-லேயே வந்துவிட்ட சட்டம். நியூயார்க் நகரம் என்றால், இந்த மென்பொருள் ஆண் பெண், இனம் பார்த்துத் தள்ளுகிறதா என்று வெளி ஆடிட்டர் வருடா வருடம் சோதித்திருக்க வேண்டும், அந்தச் சுருக்கத்தை எல்லோரும் பார்க்கிற மாதிரி போட வேண்டும், ஏஐ பயன்படுத்துகிறோம் என்று 10 வேலை நாளுக்கு முன்பே சொல்ல வேண்டும். 2023 ஜூலையிலிருந்து அந்த நகரத்தில் இது நடைமுறை.

இப்படியே இரண்டரைப் பக்கம். கடைசியில் 'மற்ற அனைவரும்' என்று ஒரே ஒரு வரி: உங்கள் நாட்டுச் சட்டம் தரும் உரிமைகள் உங்களுக்கு உண்டு.

அதே கேமரா, அதே முட்டைக் கோடு, அதே மென்பொருள். ஃபிராங்க்ஃபர்ட்டில் உட்கார்ந்தவருக்கு ஏன் என்று கேட்க ஒரு வழி இருக்கிறது. 641-இல் தொடங்கும் எங்கள் ஊர் பின்கோடுக்கு ஐந்து வழிகள் கட்டுரை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். அஸோ சாயம் விஷயம் திருப்பூரில் தெரியாதவர் கிடையாது. புற்றுநோய் தரக்கூடிய அமைன் என்ற வேதிப்பொருட்களை வெளிவிடும் சில அஸோ சாயங்களை ஜெர்மனி 1994-இல் தடை செய்தது. பிறகு ஐரோப்பிய யூனியன் முழுக்க அந்தத் தடை வந்தது. இந்தியாவும் 90-களிலேயே அந்தச் சாயங்களுக்குத் தடை போட்டது. பையர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர், சோதனைச் சான்றிதழ் இல்லாமல் சரக்கை எடுக்க மாட்டார், அதனால் பட்டறைக்காரர் சாயத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். ஹாம்பர்க் பனியனுக்கு ஒரு தொட்டி, ஈரோட்டுப் பனியனுக்கு ஒரு தொட்டி என்று வைத்துக்கொள்வது பெரிய தொல்லை. துணியோடு சேர்ந்து விதியும் இங்கே வந்து சேர்ந்தது. மென்பொருளுக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்த நாடு என்று திரையில் ஒரு பெட்டியில் கேட்டு, அதற்கேற்ற பக்கத்தைக் காட்டினால் முடிந்தது. எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி அடிப்படை விதி வேண்டும் என்று மாநாடுகளில் பேசுவதை இதுவரை செய்தித்தாளில் புரட்டிவிட்டுப் போய்விடுவேன். இப்போது நின்று படிக்கிறேன்.

படித்ததில், பொதுவான விதி என்று ஒன்று எழுதாமல் இல்லை. 2021 நவம்பரில் யுனெஸ்கோவின் 193 உறுப்பு நாடுகளும் சேர்ந்து ஏஐ அறநெறி பற்றி ஒரு பரிந்துரையை ஏற்றன. அதில் இந்தியாவும் உண்டு. கடைசிப் பொறுப்பு மனிதரிடம்தான் இருக்க வேண்டும், முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று விளக்க முடிய வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் பரிந்துரை பரிந்துரைதானே. மீறினால் அபராதம் கிடையாது.

பல் உள்ள சட்டம் என்றால் ஐரோப்பிய யூனியன் 2024-இல் கொண்டுவந்த ஏஐ சட்டம்தான். வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஐயை 'அதிக ஆபத்து' வகையில் வைத்திருக்கிறார்கள். வேலையிடத்திலும் பள்ளி கல்லூரியிலும் முகத்தை, குரலைப் பார்த்து உணர்ச்சியை ஊகிக்கிற ஏஐ, மருத்துவ, பாதுகாப்புக் காரணம் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் அங்கே கூடவே கூடாது. தடையை மீறினால் 3.5 கோடி யூரோ அல்லது உலக வருமானத்தில் 7 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம் போடலாம். ஆள் எடுப்பு ஏஐக்கான கடமைகளுக்குச் சட்டம் முதலில் குறித்த தேதி 2026 ஆகஸ்ட் 2. அதைத் தள்ளிவைக்கலாம் என்று 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையமே முன்மொழிந்தது. ரிட்டர்ன் கடைசித் தேதி நீட்டிப்பு எல்லா ஊரிலும் உண்டு போல.

நம் பக்கம்? தமிழ்நாடு அரசு 2020-லேயே பாதுகாப்பான, அறநெறியுள்ள ஏஐக்கு ஒரு கொள்கை வெளியிட்டது என்று தெரிந்தபோது எனக்கே ஆச்சரியம். ஆனால் அது அரசுத் துறைகள் ஏஐ பயன்படுத்துவதற்கானது. எனக்கு வந்த 4.12 மெயில் அதன் எல்லைக்குள் வராது. மத்திய அரசு 2025 நவம்பரில் வெளியிட்ட ஏஐ வழிகாட்டுதல் ஏழு 'சூத்திரங்களை', அதாவது அடிப்படைக் கொள்கைகளை, முன்வைக்கிறது. இப்போதைக்குத் தனிச் சட்டம் தேவையில்லை என்பது அதன் நிலை. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், என்னைப் பற்றிய தகவல் தப்பாக இருந்தால் திருத்தச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இயந்திரம் எடுத்த முடிவை ஏன் என்று கேட்கும் உரிமை அதில் இல்லை. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம்.

அவகாசம் அவர்களுக்குத்தானே என்று, அறிவிப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்த குறைதீர்ப்பு முகவரிக்கு எழுதினேன். இரண்டு கோரிக்கை. ஒன்று, 'சண்டே டாட்டர்ஸ்', 'டீடியஸ்' இரண்டையும் திருத்த வேண்டும். இரண்டு, திருத்திய பதிலை ஒரு மனிதர் படித்துப் பார்க்க வேண்டும். சரியான வார்த்தை எது என்று ஒரு அட்டவணையே போட்டு இணைத்தேன், ட்ரயல் பேலன்ஸ் மாதிரி.

23-ஆம் நாள் பதில் வந்தது. இந்த முறை எழுதியது மனிதர்தான் என்று நினைக்கிறேன், ஒரு எழுத்துப்பிழை இருந்தது. எழுத்துவடிவத்தைத் திருத்திவிட்டோம், சுட்டிக்காட்டியதற்கு நன்றி. மதிப்பீடு ஏற்கெனவே முடிந்துவிட்டதால் முடிவில் மாற்றமில்லை. ஆக, பேரேட்டில் பதிவைத் திருத்திவிட்டார்கள், இருப்பை மட்டும் பழையபடியே விட்டுவிட்டார்கள். எங்கள் ஆடிட்டரிடம் இப்படி ஒரு கணக்கைக் கொண்டுபோய் நீட்டியிருந்தால் நோட்டு முகத்தில் வந்து விழுந்திருக்கும்.

போன வாரம் வேறொரு கம்பெனியிலிருந்து நேர்காணல் லிங்க் வந்திருக்கிறது. திறந்து பார்த்தேன், அதே முட்டைக் கோடு. சன்ட்ரி டெட்டார்ஸை விட்டுவிட்டு, வர வேண்டிய பாக்கிக்கு 'அக்கவுன்ட்ஸ் ரிசீவபிள்' என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். மேலே பார்க்காமல் மனக்கணக்குப் போடுவதுதான் இன்னும் வரவில்லை. மகள் எதிரே உட்கார்ந்து, கண் மேலே போகும்போதெல்லாம் மேசையைத் தட்டுகிறாள்.