கார்டிஃப் சிட்டியின் நீலச் சட்டையும் சிவப்புச் சட்டையும்: ஒரு மதிப்புரை

கார்டிஃப் சிட்டி காற்பந்துக் குழுவின் சட்டைகளைப் பற்றிச் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு மதிப்புரை எழுதுவானேன் என்று யாரேனும் கேட்டால், அது நியாயமான கேள்விதான். சனிக்கிழமை இரவு இங்கே எந்தக் கோப்பிக் கடைக்குப் போனாலும் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் சட்டைகள்தாம் கண்ணில் படும். வேல்ஸ் தலைநகரத்துக் குழு ஒன்றுக்காகக் கண்விழிக்கும் தமிழ்க் குடும்பம் ஈசூனில் இருக்கிறது என்றால் நம்புவது கடினம். என் சித்தப்பா 1980களின் பிற்பகுதியில் அந்நகரில் பொறியியல் படித்தவர். அப்போது குழு நான்காம் நிலைப் பிரிவில் உழன்றுகொண்டிருந்தது. நினியன் பார்க் மைதானத்தில் மழையில் நனைந்தபடி நின்று அந்த ஆட்டங்களைப் பார்த்தவருக்கு, பிறகு வேறு குழுவின் மீது மனம் போகவில்லை. அவருடைய மகன், அதாவது என் தம்பி, 2012ஆம் ஆண்டில் உயர்நிலை ஒன்றில் படித்துக்கொண்டிருந்தான். குழுவின் மலேசிய உரிமையாளர் வின்சென்ட் டான், ஒரு நூற்றாண்டாக நீலம் அணிந்த ஆட்டக்காரர்களுக்குச் சிவப்புச் சட்டையை மாட்டிவிட்ட ஆண்டு அது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே குழுவுக்கு இரண்டு கட்சிகள்.

சித்தப்பாவின் மணிவிழாவுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று யோசித்தபோது இந்தச் சண்டைதான் நினைவுக்கு வந்தது. 2011-12 பருவத்தின் நீலச் சட்டை அவருக்கு, அதற்கு அடுத்த பருவத்தின் சிவப்புச் சட்டை தம்பிக்கு என்று முடிவு செய்து, இங்கிலாந்தில் பழைய சட்டைகள் விற்கும் ஓர் இணையக் கடையில் இரண்டையும் வாங்கினேன். இரண்டும் பூமா நிறுவனத்தின் தயாரிப்பு. இரண்டின் மார்பிலும் 'மலேசியா' என்ற விளம்பரச் சொல், இரண்டின் முதுகிலும் நடுக்கள ஆட்டக்காரர் பீட்டர் விட்டிங்ஹமின் பெயரும் அவருடைய 7ஆம் எண்ணும் இருக்கின்றன. அஞ்சல் செலவு உட்பட நீலத்துக்கு 78 வெள்ளியும் சிவப்புக்கு 46 வெள்ளியும் கொடுத்தேன். இந்த விலை வேறுபாட்டுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் துணியைப் பார்ப்போம். பரிசாகக் கொடுக்கப்போகும் பொருளை முன்கூட்டியே அணிந்து பார்ப்பது முறையல்ல என்றாலும், மதிப்புரை எழுதுபவனுக்கு வேறு வழியில்லை. எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் உள்ள காற்பந்துத் திடலில் சட்டைக்கு ஒரு மாலைப்பொழுது என்று இரண்டையும் போட்டுக்கொண்டு ஓடினேன். இரண்டும் பாலியெஸ்டர்தான். குளிர்நாட்டுக்காக நெய்த துணி நம் ஊர்ப் புழுக்கத்துக்கு எப்படித் தாங்கும் என்று பயந்தது வீண். வியர்வை வெளியேறுகிறது, பத்து நிமிடத்துக்குப் பிறகும் முதுகோடு ஒட்டிக்கொள்ளவில்லை. நீலத்தின் அக்குள் தையலில் நூல் தளர்ந்திருக்கிறது. சிவப்பில் அந்தக் குறை இல்லை, தோள்பட்டையிலும் அது இன்னும் நன்றாக உட்காருகிறது. இரண்டையும் மூன்று முறை துவைத்து மூங்கில் கழியில் வெயிலில் உலர்த்திய பிறகும் நிறம் மங்கவில்லை. சட்டையாக மட்டும் பார்த்தால் சிவப்பே மேல் என்று தயங்காமல் சொல்வேன். சித்தப்பாவின் காதில் விழும்படிச் சொல்லமாட்டேன்.

இனி சின்னத்துக்கு வருவோம், ஏனெனில் இந்தச் சட்டையின் விவகாரமெல்லாம் இடது மார்பில் இருக்கும் அந்த நாலு விரல் அகலத்தில்தான் இருக்கிறது. நீலச் சட்டையில் குழுவின் பட்டப்பெயருக்குரிய நீலப்பறவை நடுநாயகமாக இருக்கிறது. சிவப்பில் வேல்ஸ் நாட்டின் செந்நிற டிராகன் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, அதன் கீழே 'ஃபயர் அண்ட் பேஷன்' என்று ஒரு முழக்கம். நீலப்பறவை அடியில், தேடினால் கிடைக்கும் அளவுக்குச் சுருங்கிப் போயிருக்கிறது. வீட்டுக்குப் பெரியவரைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டுப் புதுமாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்த கதைதான்.

இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் சட்டையை மதிப்பிட முடியாது. பெர்ஜாயா குழுமத்தின் நிறுவனரான வின்சென்ட் டான் 2010ஆம் ஆண்டில் கார்டிஃபில் முதலீடு செய்தபோது, வரிப் பாக்கிக்காகக் குழுவையே கலைத்துவிடக் கோரும் மனுக்கள் நீதிமன்றத்துக்குப் போய் வந்திருந்தன. அவருடைய பணம் வந்திராவிட்டால் குழு என்னவாகியிருக்கும் என்பது அந்நாளில் கற்பனைக் கேள்வியாக இருக்கவில்லை. 2012 மே மாதத்தில் நிறமும் சின்னமும் மாறப்போகும் செய்தி கசிந்தது. ரசிகர்கள் கொதித்தெழுந்ததும் திட்டம் கைவிடப்பட்டதாகச் சொல்லப்பட்டது. ஆனால் அடுத்த மாதமே, கடனைத் தீர்க்கவும் பயிற்சி வசதிகளை மேம்படுத்தவும் மைதானத்தை விரிவாக்கவும் முதலீடு வரும் என்ற வாக்குறுதியோடு அதே திட்டம் திரும்பி வந்தது. ஆசியச் சந்தையில் சிவப்பும் டிராகனும் எடுபடும் என்பதும், சிவப்பு மங்கலமான நிறம் என்பதும் சொல்லப்பட்ட காரணங்கள். குங்குமமும் கூறைப்புடவையும் சிவப்பாக இருக்கும் வீட்டில் பிறந்த நமக்கு இரண்டாவது காரணத்தை எள்ளி நகையாட மனம் வராது. ஆனாலும், கரைவேட்டி கட்டிய ஒருவரிடம் போய், உங்கள் கட்சிக்கு நல்ல காலம் பிறக்கும், கரையின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் என்ன பதில் கிடைக்கும் என்பதும் நமக்குத் தெரியும்.

அந்தப் பதில் கார்டிஃபில் ஒரே குரலாக வரவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. ஒரு சாரார், நிறத்தை விட்டுக்கொடுத்தால்தான் குழு பிழைக்கும் என்றால் விட்டுக்கொடுப்போம் என்றார்கள். இன்னொரு சாரார் சிவப்பு மைதானத்துக்குள் நீலக் கழுத்துத் துண்டுகளோடு போய் உட்கார்ந்தார்கள். சிலர் போவதையே நிறுத்தினார்கள். இரு தரப்பாரும் ஒரே வீட்டில், ஒரே அலுவலகத்தில் இருந்ததுதான் கொடுமை. இங்கிலாந்தின் ஹல் சிட்டி குழுவை அதன் உரிமையாளர் 'ஹல் டைகர்ஸ்' என்று பெயர்மாற்ற விரும்பி, 2014இல் பருவச் சீட்டு வைத்திருந்தோரிடம் கருத்துக் கேட்டபோது ஆதரவாக 2,565 வாக்குகளும் எதிராக 2,517 வாக்குகளும் விழுந்தன. 48 வாக்கு வித்தியாசத்தில் ஒரு பெயர். அந்த மாற்றத்துக்கு இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் அனுமதி மறுத்துவிட்டது. கார்டிஃபின் நிறத்துக்கு அப்படியொரு தடை வரவில்லை.

ஈசூனில் நடந்ததும் அதன் சிறு வடிவமே. சித்தப்பா சிவப்புச் சட்டையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லவில்லை; அவர் அப்படிப்பட்டவரும் அல்லர். தம்பி அதை அணிந்துகொண்டு ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால், எழுந்து போய்ச் சமையலறையில் நின்றபடி பார்ப்பார். தம்பியும் சும்மா இருக்கவில்லை. "அப்பா, நீங்க பாத்த நீலம் ஒரு தடவையாவது மேல ஏறுச்சா?" என்று கேட்டதற்கு, "ஏறலைன்னாலும் அது எங்களோடதா இருந்துச்சுடா" என்றார். அதற்குப் பிறகு அன்றிரவு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மார்பில் இருக்கும் 'மலேசியா' பற்றியும் ஒரு வார்த்தை. நீலச் சட்டையிலும் அதே சொல் இருந்தது. 2012 பிப்ரவரியில் வெம்பிளி மைதானத்தில் லிவர்பூலுடன் லீக் கோப்பை இறுதியாட்டத்தில் மோதி, பெனால்டி வாய்ப்புகளில் தோற்றபோது கார்டிஃப் அணிந்திருந்தது அந்த நீலத்தைத்தான். வெளிநாட்டு முதலாளியின் மீதான வெறுப்பே எல்லாவற்றுக்கும் காரணம் என்று எளிதாகச் சொல்பவர்களுக்கு இந்தச் சட்டையே பதில். அவருடைய நாட்டின் பெயரை நெஞ்சில் எழுதியபோது அத்தகைய கொந்தளிப்பு எழவில்லை. உண்மையில் அந்தச் சொல்லால் அதிகம் அவதிப்பட்டவன் என் தம்பிதான். நம் லயன்ஸ் டுவெல்வ் அணி 2012இல் மலேசிய லீக்குக்குத் திரும்பி, 2013இல் சூப்பர் லீக் பட்டத்தை வென்ற காலம் அது. ஜாலான் புசார் அரங்குக்கு 'மலேசியா' என்று எழுதிய சட்டையோடு போன பையனை நண்பர்கள் என்ன பாடுபடுத்தியிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது விலைக்கு வருகிறேன். நீலம் அணிந்த 2011-12 பருவம் இறுதியாட்டத் தோல்வியும், மேல்பிரிவுக்கு ஏறுவதற்கான தகுதிச்சுற்றில் தோல்வியுமாக முடிந்தது. சிவப்பு அணிந்த 2012-13 பருவத்தில் குழு இரண்டாம் நிலைப் பிரிவான சாம்பியன்ஷிப்பின் பட்டத்தை வென்று, 51 ஆண்டுகளுக்குப் பிறகு முதல்நிலைப் பிரிவுக்கு ஏறியது. பிரிமியர் லீக்கில் தன் முதல் உள்ளூர் ஆட்டத்திலேயே மான்செஸ்டர் சிட்டியை 3-2 என்று வீழ்த்தியதும் சிவப்பில்தான். நம் நேரத்துக்கு இரவு பதினொரு மணிக்குத் தொடங்கிய அந்த ஆட்டத்தின்போது சித்தப்பா சமையலறையிலிருந்து கத்திய சத்தம் கீழ்மாடி வரை கேட்டதாகத் தம்பி இன்றும் சொல்வான். வெற்றி பெற்ற பருவத்தின் சட்டை, தோற்ற பருவத்தின் சட்டையைவிட 32 வெள்ளி மலிவாகக் கிடைக்கிறது என்றால், அந்த வித்தியாசம் துணிக்கானதல்ல. அந்த ஏற்றமும் நீடிக்கவில்லை. 2013 டிசம்பரில் நிர்வாகி மால்கி மெக்கே நீக்கப்பட்டார். 2014 மே மாதத்தில் குழு கடைசி இடத்தில் முடிந்து கீழே இறங்கியது. 2015 ஜனவரி 9ஆம் தேதி, பௌத்த பக்தையான தம் தாயார் ஒற்றுமையின் முக்கியத்துவத்தைப் பற்றிப் பேசியதைக் குறிப்பிட்டு, வின்சென்ட் டான் நீலத்தைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாளே நீலத்தில் இறங்கிய குழு ஃபுல்ஹமை 1-0 என்று வென்றது. சட்டையின் சாயம் இன்றும் வெளுக்கவில்லை, திட்டத்தின் சாயம் இரண்டரை ஆண்டில் வெளுத்துவிட்டது.

வாங்கிய கடையைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. சிவப்புச் சட்டை 'ஏறக்குறையப் புதியது' என்று எழுதியிருந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்தால், முதுகில் உள்ள பதினோரு ஆங்கில எழுத்துகளில் கடைசி மூன்று உரிந்து, 'விட்டிங்' என்று மட்டும் நின்றது. கேட்டதற்குப் பதிலே இல்லை. எழுத்துள்ள சட்டை வாங்குபவர்கள் முதுகுப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

அதைச் சரிசெய்ய அலெக்சாண்ட்ரா சாலை முனையில் உள்ள குவீன்ஸ்வே கடைத்தொகுதிக்குப் போனேன். விளையாட்டுப் பொருள்களுக்கும் சட்டையில் பெயர் அடிப்பதற்கும் அந்த இடத்தை விட்டால் வேறு போக்கிடம் எனக்குத் தெரியாது. அங்கே வயதான சீனர் ஒருவர் சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது போலியா என்று கேட்டார். கார்டிஃப் நீலம் அல்லவா, நிறம் தப்பாக இருக்கிறதே என்பது அவருடைய சந்தேகம். அசல்தான் என்று விளக்கி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. பழைய பசையைச் சுரண்டியெடுத்து, மூன்று எழுத்துகளைப் புதிதாக வெட்டி, மெல்லிய தாளை மேலே போட்டு, சூட்டுப் பொறியின் மூடியை இறக்கி, உதடு அசைய வினாடிகளை எண்ணினார். 12 வெள்ளி. புதிய மூன்று எழுத்துகளும் பழைய எட்டைவிடச் சற்றே பளிச்சென்று இருக்கின்றன; பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

நீலம் வாங்கலாமா, சிவப்பு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: உடுத்த வேண்டும் என்றால் சிவப்பை வாங்குங்கள், கொடுக்கும் காசுக்கு மேலேயே உழைக்கும். வீட்டில் பழைய கார்டிஃப் ரசிகர் யாராவது இருந்தால், கூடுதலாக 32 வெள்ளி போனாலும் நீலத்தையே வாங்குங்கள். மாற்றத் திட்டங்களை நான் பொதுவாக எதிர்ப்பவன் அல்லன். மைதானத்தை இடிக்கலாம், நிர்வாகியை மாற்றலாம், சீட்டு விலையையும் ஏற்றலாம். அவையெல்லாம் பணம் போட்டவரின் கணக்கில் வருபவை. நிறம் அவர் வருவதற்கு முன்பே விற்கப்பட்டுவிட்ட பொருள். அதற்கான விலையை நினியன் பார்க்கின் மழையில் நின்றவர்கள் தவணை தவணையாகக் கட்டிவிட்டார்கள்.

மணிவிழாவன்று இரண்டு பொட்டலங்களையும் கொடுத்தேன். சித்தப்பா தம்முடையதைப் பட்டுச் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். பிறகு தம்பியின் சிவப்பைக் கையில் வாங்கி, சின்னம் இருக்கும் பக்கத்தைப் பார்க்காமல் நேரே முதுகுப் பக்கத்தைத் திருப்பி, பெயரின் மீது விரலை ஓட்டினார். நீலம், சிவப்பு, மறுபடியும் நீலம் என்று மூன்று காலத்திலும் கார்டிஃபுக்கு ஆடிய விட்டிங்ஹம் 2020 மார்ச்சில், 35 வயதில் இறந்துபோனார். குடும்பப் படம் எடுக்க எல்லாரையும் வரிசையாக நிறுத்தியபோது, தம்பி சிவப்புச் சட்டையோடு ஓரமாகப் போய் நின்றான். "இங்க வாடா," என்று கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்ட சித்தப்பா, "திரும்பி நில்லு," என்று சொல்லிவிட்டுத் தாமும் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றார்.