பழைய சைக்கிள் சேர்ப்போருக்கு: றலியா, ஹம்பரா?

யாழ்ப்பாணத்தில் சேகரிப்புக்கென்று ஒரு பழைய பார் சைக்கிள் தேடினால், பேச்சு கடைசியில் றலி, ஹம்பர் என்ற இந்த இரண்டு பிரித்தானியச் சைக்கிள்களிலும் வந்துதான் நிற்கும். கறுப்புப் பெயின்ற், 28 அங்குலச் சில்லு, கம்பி பிறேக், தோல் சீற் எல்லாம் இரண்டுக்கும் பொது. ஹம்பர் சைக்கிளை 1932இல் றலியே வாங்கிவிட்டதால், பிந்திய வண்டிகளின் உள்பாகங்களிலும் பெரிய வேறுபாடில்லை. றட்ஜ் என்ற இன்னொரு பிரித்தானியச் சைக்கிளும் 1943இல் றலியின் கைக்கு வந்ததுதான். ஆனால் இங்கே அதைக் கழற்றிப் பூட்டிய அனுபவம் குறைவு, தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

அழகுக்கு ஹம்பர்தான். முன் சில்லைப் பிடித்திருக்கும் கவையான போர்க்கில் பக்கத்துக்கு இரண்டு குழாய், செயின் வீலில் ஐந்து ஆள் உருவம். றலியின் செயின் வீலில் நாரைத் தலைகள். இருந்தும் எடுக்கச் சொல்வது றலியை. காரணம் அந்த அழகான போர்க்கேதான்.

யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது விறகும் மூட்டையும் சுமந்த சைக்கிள்கள் இவை. போர்க் பின்னுக்கு வளைந்திருக்கும். றலியின் போர்க்கை நிமிர்த்தலாம். சரிவராவிட்டால் உடைத்த இன்னொரு றலியிலிருந்து கழற்றிப் போடலாம். ஹம்பரில் ஒரு குழாயை நிமிர்த்தினால் அருகில் உள்ளது இழுபடும், ஒட்டு வெடிக்கும். வேறு போர்க் போட்டாலும் ஓடும்தான். ஆனால் விற்கும்போது, வாங்க வருபவர் முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான். விலை அந்த இடத்திலேயே விழும். பேரம் பேச முன்னர் பக்கவாட்டில் நின்று, ஹாண்டிலுக்குக் கீழே உள்ள தலைக்குழாயின் நேருக்கு ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். போர்க் வளையத் தொடங்கும் இடம் வரைக்கும் நூலோடு ஒத்துப் போகவேண்டும். தலைக்குழாயை ஒட்டிய கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் பெயின்ற் சுருங்கியிருந்தால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது.

எதை எடுத்தாலும் ஒரு எச்சரிக்கை. பெடல் அச்சின் போல்ஸைத் தாங்கி பிறேமில் திருகிப் பூட்டும் கப்பில் றலி வெட்டியது அங்குலத்துக்கு 26 மரை. கடையில் கிடைக்கும் இந்தியக் கப் பெரும்பாலும் 24. கையால் ஓரிரு சுற்று ஏறி இறுகும். அங்கே நிறுத்தாமல் சாவி போட்டு இறுக்கினால் பிறேமின் மரையே போய்விடும். பழைய கப்பைக் கழுவி, கால் அங்குல போல்ஸ் பக்கத்துக்கு 11 என்று புதிதாகப் போட்டாலே பெரும்பாலும் போதும்.

பின் சில்லின் நடுவில் உள்ள ஹப்பில் ஸ்டேர்மி-ஆர்ச்சர் என்ற கொம்பனியின் மூன்று கியர் இருந்தால், அதன் மேலேயே ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் அடித்திருக்கும். சில்லு மாற்றப்பட்டிருக்கலாம், அதனால் அதை வண்டியின் வயதென்று நம்பவேண்டாம். இரண்டாம் கியரில் பெடல் சும்மா சுற்றினால் ஹப் பழுதென்று விலையைக் குறைப்பார்கள். அநேகமாக வயர் தளர்வுதான். இரண்டில் வைத்து, வலப்பக்க நட்டின் துளை வழியே பார்த்தால் கியர் வயரோடு சேரும் சிறு சங்கிலியின் கம்பியில், தடிப்பு மாறும் தோள் அச்சின் நுனியோடு சமமாக நிற்கவேண்டும். எண்ணெய் மெல்லியதாக இருக்கட்டும். தேங்காயெண்ணெய் விட்டால் உள்ளே பிசினாகி, பல் ஒட்டிக்கொள்ளும்.